வண்டித் தொழிலும் உரிமச் சீட்டும்

தொழில் எதுவாயினும் அதனைத் தொடங்குவார்க்கு முதற்கண் வேண்டுவது முதலீடு என்பர் பலர். யாம் அவ்வாறு கருதவில்லை. இத்தொழிலால் நாம் யார்க்குக் கடமைப்பட்டவராகின்றோம் என்னும் அறிவே முதற்கண் வேண்டுவது. வேறு தொழில்களிற் பிழை செய்தவன் பெரும்பாலும் தன் பொருளை இழக்கின்றான். வண்டித் தொழிலிற் பிழை செய்தவனோ பிறர் உயிரை இழக்கச் செய்கின்றான். ஆதலின், வாடகைக்கு வண்டி ஓட்டும் தொழிலுக்கு அரசாங்கத்தார் விதித்துள்ள உரிமச் சீட்டுகள் யாவை என்பதையும், அவற்றை நம் இளைஞர் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

அண்மையில் ஒரு மாலைப்பொழுதிற் பொத்தேரிப் புகைவண்டி நிலையத்தை அடுத்த பெருஞ்சாலையின் ஓரத்தே யாம் நின்றிருந்தோம். சென்னையினின்றும் செங்கற்பட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்தது இவ்வூர். பல்கலைக்கழக மாணாக்கரும், தொழிற்சாலைகளுக்குச் சென்று மீள்வாருமாக அவ்விடம் நிரம்பியிருந்தது. மின்தொடர்வண்டி வந்து நின்ற ஒவ்வொரு முறையும் ஷேர் ஆட்டோக்களும் வேன்களும் கால்டாக்சிகளும் வாயிலில் மொய்த்தன. ஜல்லி ஏற்றிய லாரிகள் சாலை அதிர ஓடின. இருட்டியதும், வடக்கே கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 ஆம் நாள் திறக்கப்பெற்ற பேருந்து முனையத்தினின்றும் புறப்பட்ட பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி விரைந்தன.

எம்முடன் நின்றவர் நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவர். பட்டம் பெற்று இரண்டாண்டு வேலை தேடி அலுத்தவர். தந்தையாரின் நிலத்தை ஈடுவைத்து, பன்னிருவர் அமரத்தக்க பழைய வேன் ஒன்றை வாங்கி, தொழிலாளரையும் விடுதி மாணாக்கரையும் ஏற்றிச் செல்லக் கருதியிருந்தார். அவர் எம்மை நோக்கி, “ஐயா, சொந்த வண்டி என்றே வெள்ளைப் பலகையுடன் ஓட்டினால் என்ன? இச்சாலையிற் பலரும் அவ்வாறே ஓட்டுகின்றனரே! மஞ்சட் பலகை என்றால் வரி, பெர்மிட், எப்.சி. என்று செலவுக்கு முடிவே இல்லை” என்றார். அன்று யாம் சொன்ன விடை சுருக்கமானது. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரை.

வழியும் வண்டியும் அவற்றிற்குரிய ஒழுங்கும் தமிழர்க்குப் புதியன அல்ல. இத் தொண்டைநாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, சுங்கம் கொள்ளும் பெருவழிகளையும், அவற்றை வில்வீரர் காத்து நின்றதையும் கூறுகின்றது. வணிகன் சுங்கம் செலுத்தினான். அரசன் வழியைக் காத்தான். கொடுப்பதும் பெறுவதுமாகிய இவ்வுறவே இன்றைய வரிக்கும் பெர்மிட்டுக்கும் வேராகும். மற்று, புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றிலே உப்பு வணிகராகிய உமணர் வருகின்றனர். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியக்கூடும் என்று கருதி, அவர்கள் வண்டியின் அடியிற் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அப்பாட்டில் அரசாணை ஏதும் இல்லை; உமணர்தம் முன்னறிவே அவ்வச்சைக் கட்டுவித்தது. அரசன் கேட்பதைக் கொடுத்தல் ஒன்று. கேளாதிருந்தும் தன் கடமையை உணர்ந்து செய்தல் மற்றொன்று. வண்டித் தொழிலுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

மோட்டார் வண்டி நம் நாட்டிற்கு வந்தபின் இத்தொழிலிற் பெயர் பெற்றோர் பலர். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912 இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920 இல் ஒரே பேருந்தைக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். ஒரு வண்டியுடன் தொடங்குவது இழிவன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வண்டிகள் பெருகப் பெருகச் சட்டமும் வளர்ந்தது. 1914 இல் முதற் சட்டம் எழுந்தது. 1939 ஆம் ஆண்டின் சட்டம் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் முறையை வகுத்தது. மூன்றாமவர்க்கான காப்பீடு கட்டாயம் என்னும் அதன் பகுதி 1946 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று வழங்குவது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது 1989 சூலை 1 முதல் செயற்படுகின்றது. 2019 இல் அது பெரிதும் திருத்தப்பெற்றது.

இனி, தொழில் தொடங்குவார் பெறவேண்டுவன யாவை எனக் காண்பாம்.

முதலாவது பதிவு. வாடகைக்கு ஓடும் வண்டி போக்குவரத்து வண்டி என்றே பதிவு செய்யப்பெறல் வேண்டும். மஞ்சட் பலகையிற் கரிய எழுத்து அதன் அடையாளம். அப்பலகை வரி வாங்குவோர்க்காக மட்டும் ஏற்பட்டதன்று. இவ்வண்டி பிறரை ஏற்றுதற்கு ஆராயப்பெற்றது என்று, முன்பின் அறியாத பயணிக்கு அது தூரத்தினின்றே அறிவிக்கின்றது.

இரண்டாவது தகுதிச் சான்று. உலகவழக்கில் இதனை எப்.சி. என்பர். புது வண்டிக்கு முதலில் ஈராண்டும், எட்டாண்டு நிரம்பும்வரை ஈராண்டுக்கொருமுறையும், அதன்மேல் ஆண்டுதோறும் இதனைப் பெறல் வேண்டும். தடை, திசைமாற்றி, விளக்கு, சக்கரம் முதலியன செவ்வனே உள்ளனவா என்று ஆராய்ந்து தருவது இச்சான்று. இஃது இல்லாத போக்குவரத்து வண்டியின் பதிவே செல்லாது என்பது சட்டத்தின் கருத்து.

மூன்றாவது பெர்மிட். ஈண்டே பலர் இடறுகின்றனர். வழியிற் கைகாட்டுவாரை ஏற்றி, ஆளுக்கு ஆள் கட்டணம் பெற்று, நிறுத்தந்தோறும் இறக்கிச் செல்வது ஒரு வகை. இதற்கு வழித்தடப் பெர்மிட் வேண்டும். ஒருவரோ ஒரு குழுவினரோ வண்டி முழுவதையும் ஒப்பந்தம் பேசி அமர்த்திக்கொள்வது மற்றொரு வகை. இதற்கு ஒப்பந்த வண்டிப் பெர்மிட் வேண்டும். அறுவர்க்கு மேற்பட்டுப் பன்னிருவர்வரை ஏற்றும் வேன் மாக்சிகேப் எனப்படும். எம் நண்பர் அவ்வேனுக்கு ஒப்பந்தப் பெர்மிட் பெற்று, ஒரு தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்து அதன் தொழிலாளரை ஏற்றலாம். அதே வேனை நிலைய வாயிலில் நிறுத்தி, வருவோர் போவோரை ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று கூவி ஏற்றுதல் கூடாது. சிற்றூர் வழிகளில் ஆளுக்கு ஆள் ஏற்றி ஓட்ட விரும்புவார்க்கு, 2025 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டரசின் புதிய சிற்றுந்துத் திட்டம் தனியே வழி திறந்துள்ளது.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் வரும் விளைவை இப்பெருஞ்சாலையே கண்டது. அனைத்திந்தியச் சுற்றுலாப் பெர்மிட் பெற்று, வெளிமாநிலப் பதிவெண் தாங்கி, வழித்தடப் பேருந்துகளைப்போல் நாள்தோறும் ஓடிய ஆம்னிப் பேருந்துகள் மீது 2024 சூன் திங்களில் அரசு நடவடிக்கை எடுத்தது. வழக்குகளும் எழுந்தன. வழக்கில் வெல்வார் யாவராயினும், முன்பதிவு செய்துகொண்டு பெட்டியும் படுக்கையுமாக நின்ற பயணிகள் இடர்ப்பட்டது மறுக்கொணாதது. பெர்மிட் ஐயத்துக்கு இடமானால் முதலில் துன்புறுபவன் பயணியே.

நான்காவது காப்பீடு. பலரும் இதனை வண்டிக்குச் செய்வதாக எண்ணுகின்றனர். சட்டம் கட்டாயமாக்கியதோ வண்டிக்கான காப்பீட்டையன்று. வண்டியால் ஊறுபடக்கூடிய மூன்றாமவர்க்கான காப்பீட்டையே. பொத்தேரியிற் சாலையைக் கடக்கும் மாணவி யாரென உடையவர் அறியார். அவளை அறியாமலே அவள்பொருட்டு ஆண்டுதோறும் பணம் செலுத்துகின்றார். இவ்வொரு விதியை உணர்ந்தாலே மற்றை விதிகளின் உட்பொருளும் விளங்கும்.

ஐந்தாவது ஓட்டுநரின் உரிமம். 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்ட இலகுரக வண்டி உரிமம் போதுமா என்பது நெடுநாள் ஐயமாயிருந்தது. போதும் என்று உச்சநீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. ஐவர் அடங்கிய அரசியற் சட்ட அமர்வு 2024 நவம்பர் 6 இல் அதனை உறுதி செய்தது. உரிமம் போதும் என்பது கொண்டு பயிற்சியும் போதும் எனக் கொள்ளற்க. ஓய்வும் வேண்டும். ஓட்டுநர்க்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்று 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அச்சட்டம் 2020 ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பில் அடக்கப்பெற்றுள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம். கண்ணின் அயர்ச்சி மாறுவதில்லை.

சரக்கேற்றுவார்க்குச் சில வேறுபாடுகள் உள்ளன. சரக்குடன் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிக்குப் பெர்மிட் வேண்டுவதில்லை. பெர்மிட் வேண்டாமையால் எப்.சி.யும் காப்பீடும் வேண்டா என்று சிலர் மயங்குகின்றனர், அது பிழை. பலரிடம் சரக்குப் பெற்றுப் பொதுவிற் கொண்டு செலுத்தும் நிலையம் வைப்பார், 2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்கீழ்த் தனியே பதிவு பெறல் வேண்டும். அப்பதிவு பத்தாண்டு செல்லும். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றியவர்க்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் என 2019 ஆம் ஆண்டின் திருத்தம் விதிக்கின்றது.

இவற்றோடு சாலைவரி, புகைச் சான்று முதலியனவும் சேரும். இத்தனையும் கண்டு மலைத்தே இளைஞர் வெள்ளைப் பலகையை நாடுகின்றனர். அவர் கணக்கைச் சிறிது பார்ப்பாம். பெர்மிட் இன்றி வாடகைக்கு ஓட்டியவர்க்கு ஆறு திங்கள்வரை சிறையும் 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம் என்பது சட்டம். வண்டியைப் பிடித்து வைக்கவும் கூடும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பார் உளர். அவர் காணாதது காப்பீட்டின் நிலை. சொந்தப் பயனுக்கென்று காப்புச் செய்த வண்டி வாடகைக்கு ஓடும்போது மோதி நொறுங்கினால், வண்டிக்குரிய இழப்பைத் தர நிறுவனம் மறுக்கும். பிறர்க்கு நேர்ந்த இழப்பை நிறுவனமே முதலிற் செலுத்த நேரினும், பின்னர் அதனை உடையவரிடமிருந்து வாங்கிக்கொள்ள முற்படும். அந்நாளிற் போவது வண்டி மட்டுமன்று. ஈடுவைத்த தந்தையாரின் நிலமும் போம். ஊறுபட்டவன் குடும்பமோ நீதிமன்ற வாயிலிற் பல்லாண்டு நிற்கும். சிக்கனம் என்று தொடங்கியது இரு குடும்பங்களின் அழிவாக முடியும்.

அற்றேல், சீட்டுகள் எல்லாம் பெற்றவன் கடன் தீர்ந்தானோ எனின், தீர்ந்திலன். இதற்கு நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்று. 2012 சூலை 25 ஆம் நாள், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டையின் வழியே கீழே விழுந்து, அவ்வண்டியின் சக்கரத்திலேயே உயிர் துறந்தாள். அவ்வண்டி தகுதிச் சான்று பெற்றிருந்தது என்று அந்நாளைய செய்திகள் கூறின. மக்கள் கொதித்தனர். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதன் பயனாக அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிற் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் எழுந்தன. இன்று கோடை விடுமுறைதோறும் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஆராய்வதை நாம் காண்கின்றோம். அவ்வரிசையின் பின்னே ஒரு குழந்தையின் உயிர் நிற்பதை நினைவார் எத்துணையர்?

நாள்தோறும் அவ்வண்டியில் ஏறி இறங்கியவர் பலர். தளத்தை உரிய காலத்திற் செப்பனிட்டிருந்தால் அச்சிறுமி பிழைத்திருப்பாள். சான்று, ஆராய்ந்த நாளின் நிலையையே கூறும். மறுநாளின் நிலைக்கு உடையவனே சான்று. தரகன் வாயிலாக வண்டியைக் காட்டாமலே சான்று பெறுவானோ, அந்த ஒரு நாளின் உறுதியையும் விலைக்கு விற்றவனாகின்றான்.

ஈண்டு ஒரு தடை எழுப்புவார் உளர். “நேரிற் சென்றால் இன்று போய் நாளை வா என்கின்றனர், எந்தத் தாள் குறைவென்றும் ஒரே முறையிற் சொல்வதில்லை, தரகன் இன்றி என் செய்வது?” என்பர். இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. இந்நாளில் உரிமத்துக்குச் சாரதி என்னும் இணையவாயிலும், வண்டிக்கு வாகன் என்னும் இணையவாயிலும் அமைந்துள்ளமையால் முன்னையினும் எளிமை மிகுந்துள்ளது. ஆயினும், தொழில் தொடங்குவான் ஒருவன் பெறவேண்டுவன அனைத்தையும், அவற்றின் கட்டணத்தையும், ஆகும் நாட்களையும் வரிசைப்படுத்தி, எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வோர் அலுவலக வாயிலிலும் ஒட்டுதல் அரசினரின் கடமை. விதி விளங்காத இடத்தில் தரகன் வளர்வான். இதனை அரசினர் உணர்தல் வேண்டும்.

அரசினர் கருத்துக்கு மற்றொன்றும் கூறுவோம். நம் சட்டம் வண்டியை ஆராய்கின்றது, ஓட்டுநரை ஆராய்கின்றது, தொழில் நடத்துவோனை அத்துணை ஆராயவில்லை. இங்கிலாந்தில் 1968 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பெரிய சரக்கு வண்டிகளை வைத்துத் தொழில் நடத்துவோன் தானே உரிமம் பெறவேண்டும் என வகுத்தது. அவன் நன்னடத்தை உடையவனா, வண்டிகளைப் பழுதுபார்த்து வைத்தற்குரிய பொருளும் ஏற்பாடும் அவனிடம் உள்ளனவா என்று ஆங்கு ஆராய்கின்றனர். அவன் தவறினால் அத்தொழிலையே நடத்தவொட்டாது தடுக்கின்றனர். நம் நாட்டில் ஒரு வண்டி வைத்துப் பிழைக்கும் ஏழைக்கு இத்துணைப் பெருஞ்சுமை ஏற்றலாகாது. எனினும், முதன்முறை பெர்மிட் கேட்பானுக்குச் சில நாட்பயிற்சி அளித்து, வண்டியைப் பேணும் முறை, ஓட்டுநரின் ஓய்வு, காப்பீட்டின் பொருள், பயணியின் உரிமை ஆகியவற்றை உணர்த்திய பின்னரே பெர்மிட் தருதல் நலமாம். அப்பயிற்சியை நடத்த நம்போன்ற கல்லூரிகள் முன்வரலாம்.

இது மிகையான அச்சம் அன்று. மத்திய அரசின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டிற் சாலை விபத்துகளால் உயிர் நீத்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்துகளின் தொகையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடே. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இவை அனைத்தும் வாடகை வண்டிகளால் வந்தன அல்ல. ஆயினும், கூலி பெற்றுப் பிறரை ஏற்றுவோனுக்கு இவ்வெண்களிற் பொறுப்பு மிகுதி என்பது ஒருதலை.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் நிலையில் எம் நண்பரின் கடிதம் கிடைத்தது. வேனை வாங்கும் முன், தரகர் ஒருவர் அவரிடம், “வண்டியைக் கொண்டுவர வேண்டா, எப்.சி. வீடு தேடி வரும்” என்றாராம். அவர் இசையவில்லை. அறிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, கால்விரிப்பை நீக்கிப் பார்த்தபோது, பின்னிருக்கையின் அடியில் தகடு துருவேறி விரல் நுழையும் அளவுக்கு இற்றிருந்ததாம். விற்பவரிடம் விலையைக் குறைத்து வாங்கி, தளம் முழுதும் புதுத்தகடு அடித்து, மஞ்சட் பலகையுடன் பெர்மிட்டும் பெற்று முடிக்கக் கருதியதற்கு ஒரு திங்கள் மேலாயிற்று. “ஒரு மாதத் தவணை கைப்பொறுப்பாயிற்று, ஐயா, வருத்தமே. ஆனால் அவ்விருக்கையில் யாரேனும் அமரும்போது என் மனம் பதைப்பதில்லை” என்று எழுதியிருந்தார்.

அத்தவணை அவருக்கு இழப்பே. அதனை இழப்பன்று என்று யாம் கூறோம். ஆயினும், முன்னாளில் உமணன் வண்டியடியிற் சேம அச்சைக் கட்டியபோதும் அது வீண்பாரமாகவே தோன்றியிருக்கும். ஆதலின், இத்தொழிலில் இறங்கக் கருதும் நம் மாணாக்கர்காள்! வண்டித் தொழில் கற்றார்க்கு இழிவு என்று நாணற்க. சீட்டுகளை அரசினரின் தொல்லை என்றும் எண்ணற்க. அவை முகமறியாத ஒருவர்க்கு நீவிர் எழுதிக்கொடுக்கும் வாக்குறுதி. அவற்றை நேரிய வழியிற் பெறுமின். பெற்றபின் வண்டியின் கால்விரிப்பை அடிக்கடி நீக்கிப் பாருமின்.